காலேஜ் ஃபுட்பால் 25: உடைந்த பேக்-12-ஐ ஒட்ட வைக்கும் அந்த ஒரு திரை

அமெரிக்கக் கல்லூரி அணிகளின் ஃபுட்பாலை வைத்து வந்த வீடியோ கேமான ஈஏ ஸ்போர்ட்ஸ் காலேஜ் ஃபுட்பால் 25-ஐ நான் வாங்கியது பந்தை எறிந்து விளையாடுவதற்காக இல்லை. ஓர் அணியின் பயிற்சியாளராகப் பல சீசன்கள் ஓட்டும் டைனஸ்டி மோடில் கான்ஃபரன்ஸ்களை மாற்றி அமைக்கும் திரை ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் வாங்கினேன். எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கூட்டத்தோடு ஆட வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். ஒரு கான்ஃபரன்ஸில் 20 அணிகள் வரை வைக்கலாம், எத்தனை ஆட்டங்கள் உள்ளுக்குள் ஆட வேண்டும், யாரோடு யார் வருஷம் தவறாமல் மோதியே ஆக வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையில்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்புகளாகச் சேர்ந்துதான் ஆடுகின்றன. பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், தலைமுறை தலைமுறையாக முட்டிக்கொண்டவர்கள். மேற்குக் கரையில் 1915-இல் தொடங்கிய கூட்டமைப்பு பல பெயர் மாறி 2011-இல் பேக்-12 ஆனது. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைகளான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற இன்னொரு கூட்டமைப்புக்குப் போகிறோம் என்று அறிவித்தன. அடுத்த வருஷம் ஜூலை முடிவதற்குள் கொலராடோ தன் பழைய வீடான பிக் 12 கூட்டமைப்புக்குத் திரும்புவதாகச் சொன்னது. ஆகஸ்ட் 4 அன்று, ஒரே நாளில், ஒரேகானும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1-இல் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசிக்கு. அதாவது பசிபிக் கரையில் இருக்கும் இரண்டு பல்கலைகள் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில்! கடைசியில் மிஞ்சியவை ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், இரண்டே இரண்டு.

விளையாட்டைத் திறந்து பட்டியலைப் புரட்டினால் இதுதான் முகத்தில் அறைகிறது. பிக் டென் என்று பெயர், உள்ளே 18 அணிகள், கீழே இறங்கிக்கொண்டே போக வேண்டும். ஏசிசியில் 17. தென் மாநிலங்களின் கூட்டமைப்பான எஸ்இசியிலும் பிக் 12-இலும் 16, 16. அப்புறம் பேக்-12 வருகிறது, பெயருக்குக் கீழே இரண்டு சின்னங்கள் மட்டும், மீதி இடம் காலி. செய்தியில் எத்தனை முறை படித்திருந்தாலும் திரையில் அப்படிப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய ஒன்று இப்படியா உடைய வேண்டும்?

சரி, வேலையை ஆரம்பித்தேன். பிக் டென்னிலிருந்து நான்கு, பிக் 12-இலிருந்து நான்கு, ஏசிசியிலிருந்து இரண்டு, மொத்தம் பத்து அணிகளைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தால் போதும், பேக்-12 மறுபடியும் பன்னிரண்டு. உள் ஆட்டங்களை முன்பு போலவே 9 என்று வைத்து, ஒரேகானுக்கு ஒரேகான் ஸ்டேட், வாஷிங்டனுக்கு வாஷிங்டன் ஸ்டேட், யுஎஸ்சிக்கு யுசிஎல்ஏ, ஸ்டான்ஃபோர்டுக்கு கலிஃபோர்னியா என்று ஜோடிகளைப் பூட்டி வைத்துவிட்டேன், எந்த வருஷ அட்டவணையிலும் அந்த ஆட்டங்கள் விடுபடாது. அதே கையோடு ஓக்லஹோமாவையும் எஸ்இசியிலிருந்து எடுத்து ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். 1904-இல் தொடங்கிய பெட்லம் மோதல் அது, ஓக்லஹோமா எஸ்இசிக்குப் போனதால் 2023 நவம்பரில் ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று ஜெயித்ததோடு நிற்கிறது. இந்தத் திரையில் கிடைக்கும் சந்தோஷத்தை வேறு எந்த வீடியோ கேமும் எனக்குத் தந்ததில்லை, இதற்கே முழு மதிப்பெண்.

ஆனால் இவ்வளவு சுலபமாக நடக்கிறதே, அங்கேதான் இந்த விளையாட்டின் பெரிய ஓட்டையும் இருக்கிறது. ஓர் அணியை நகர்த்தினால் பணம் என்ற பேச்சே வருவதில்லை. நிஜத்தில் நடந்தது முழுக்க டிவி பணம். ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் சேர்ந்து பிக் டென்னுக்கு ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டன. பேக்-12-க்கு முன்னால் இருந்ததோ, எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்துப் பணம் ஏறும் ஆப்பிளின் ஓர் ஒளிபரப்புத் திட்டம். பழைய உறுப்பினர்களுக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி போதும் என்று ஒரேகானும் வாஷிங்டனும் கிளம்பிப் போகின்றன, டல்லஸின் எஸ்எம்யூ பல்கலை ஒன்பது வருஷம் ஏசிசி டிவி பணமே வேண்டாம் என்று சொல்லி உள்ளே நுழைகிறது. டைனஸ்டியில் நீங்கள் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மாணவர்களை அணிக்கு அழைக்கும்போது கான்ஃபரன்ஸின் மதிப்பு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், அரங்கின் சூழல் என்று பள்ளிக்கூட ரிப்போர்ட் மாதிரி கிரேடு போட்டுக் காட்டுகிறார்கள், அது நன்றாகவே இருக்கிறது. ஒரு டிவி ஒப்பந்தத்தையும் உள்ளே வைத்து, கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நம்மைத் தவிக்க விட்டிருந்தால் இந்த மோட் எங்கேயோ போயிருக்கும்.

பயணமும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் யுசிஎல்ஏவும் நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸும் இப்போது ஒரே கான்ஃபரன்ஸ், நடுவில் மூன்று மணி நேர வித்தியாசம். விளையாட்டில் அணி நாட்டைக் குறுக்கே கடந்து போய் இறங்கினாலும் யாருக்கும் களைப்பில்லை. ஃபுட்பால் அணிக்காவது வாரத்துக்கு ஓர் ஆட்டம், தனி விமானம். இதில் வராத வாலிபால், சாஃப்ட்பால் மாணவிகளுக்குத்தான் உண்மையான அடி, வார நடுவிலும் ஆட்டம் இருக்கும், வகுப்பும் இருக்கும். ஃபுட்பாலுக்காகப் போட்ட கணக்கில் அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை.

மாற்றத்தால் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2012-இல் எஸ்இசிக்குப் போனதால் அறுந்த மோதல், டெக்சஸும் அங்கே வந்து சேர்ந்ததால் 2024 நவம்பர் 30 அன்று திரும்பி வந்தது. டெக்சஸ் 17-7 என்று ஜெயித்தது. விளையாட்டிலும் அந்த ஆட்டத்தை ஏ அண்ட் எம்மின் அரங்கான கைல் ஃபீல்டில் ஒருமுறை ஆடிப் பாருங்கள். எதிரணிகளுக்கு மிகக் கடினமான அரங்கு என்று ஈஏ முதலிடம் கொடுத்தது அதற்குத்தான். வெளியூர் அணியாகப் போய் மூன்றாவது டவுனில், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில், நின்றால் திரை நடுங்குகிறது, யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் கோடுகள் நெளிகின்றன, சத்தத்தில் யோசிக்கவே முடியாது. அரங்கு வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இன்னொரு விஷயத்துக்கும் பாராட்டு. இதற்கு முந்தைய விளையாட்டு 2013-இல் வந்தது, அப்புறம் பதினோரு வருஷம் ஒன்றுமில்லை. தன் உருவத்தைக் கேட்காமலே விளையாட்டில் வைத்துவிட்டார்கள் என்று யுசிஎல்ஏவின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபானன் தொடுத்த வழக்குதான் முக்கியக் காரணம். இந்த முறை சம்மதம் சொன்ன ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் ஒரு பிரதியும் கொடுத்திருக்கிறார்கள். தொகை சின்னதுதான், இன்னும் கூடக் கொடுத்திருக்கலாம், ஆனாலும் நிஜப் பெயரோடு, சம்மதத்தோடு வீரர்கள் களத்தில் இருக்கிறார்கள்.

வெளியானபோது விலை 69.99 டாலர், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் மட்டும்தான், கணினியில் கிடையாது. நிஜப் பயிற்சியாளர்கள் வேண்டுமென்றால் 2025-இல் வந்த 26-ஐ வாங்குங்கள். கான்ஃபரன்ஸ்களைக் கலைத்துப் போட்டு அடுக்குவதுதான் உங்களுக்கும் ஆசை என்றால் 25 போதும், 5-க்கு 4 தருவேன். ஒரே ஒரு யோசனை: டைனஸ்டியைத் தொடங்கும்போதே ஜோடிகளைப் பூட்டிவிடுங்கள், முதல் சீசன் அட்டவணை வந்த பிறகு ஞாபகம் வந்தால் அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.