முதல் ஆயிரம் மணிநேரத்தை யார் தருவார்? ஹெலிகாப்டர் விமானி ஆவதற்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

அரக்கோணத்தில் வளர்ந்த எவருக்கும் ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. ஊரை ஒட்டியிருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம் 1992 மார்ச்சில் தொடங்கப்பட்டது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இயங்குகிறது. காலை வெயில் ஏறும் முன்பே சேத்தக் ஹெலிகாப்டர்கள் கிளம்பிவிடும். தரைக்குச் சற்று மேலே, நகராமல் ஒரே இடத்தில் நிற்கப் பழகுவதுதான் மாணவர்களுக்கு முதல் பெரும் பாடம். தொட்டில்போல் ஆடினால் மாணவர் கையில் இருக்கிறது, ஆணி அடித்ததுபோல் நின்றால் ஆசிரியர் வாங்கிக்கொண்டார் என்று தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடுவோம்.

சென்ற மாதம் பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள், தன்னோடு படிக்கும் ஒரு பையனையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "மாமா, நாங்கள் இரண்டு பேரும் ஹெலிகாப்டர் ஓட்டப் போகிறோம். எங்கே சேர வேண்டும்?" என்றாள். பின்னாலேயே வந்த அக்கா, "எவ்வளவு செலவாகும் தம்பி?" என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் இந்தத் தொழிலின் முடிச்சு மூன்றாவதாக ஒரு கேள்வியில் இருக்கிறது. தொழில்முறை ஹெலிகாப்டர் உரிமம் வாங்க 150 மணிநேரம் பறந்திருந்தால் போதும். வேலை கொடுப்பவர்களோ பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் அந்த மணிநேரங்களை யார் தருவார்? எந்த வழியையும் இந்தக் கேள்வியை வைத்தே அளந்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சீருடை வழி

ராணுவம், கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை நான்கிலும் ஹெலிகாப்டர்கள் உண்டு. பயிற்சிக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. அதிகாரியாகப் பொறுப்பேற்கும்போது அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. படிகள் தனி.

பிளஸ் டூ முடித்தவர்களுக்குத் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர்வதற்கான என்.டி.ஏ. தேர்வு. பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வரை எழுதலாம், ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். 2021இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு பெண்களும் எழுதுகிறார்கள். புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டுகள், அதன்பின் விமானப்படை என்றால் ஹைதராபாத் அருகே துண்டிகல். பட்டதாரிகளுக்கு விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஏ.எஃப்.கேட் இருக்கிறது. அந்த வழியில் பறக்கும் பிரிவில் குறுகியகாலப் பணி 14 ஆண்டுகள். அதற்கு ஓய்வூதியம் கிடையாது என்பதைச் சேரும் முன்பே குடும்பத்தில் பேசிவிட வேண்டும்.

இந்த வழியில் இரண்டு கதவுகள் குறுகலானவை. முதலாவது, விமானி திறன் தேர்வு. கணினியில் நடக்கும் இந்தத் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். தவறினால் படையில் விமானியாகும் வாய்ப்பு அத்தோடு முடிந்தது. 'சும்மா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்' என்று யாரும் இதற்குப் போகக் கூடாது.

இரண்டாவது, உடல் அளவுகள். அக்கா மகளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு கிழித்தேன். 165 சென்டிமீட்டர். விமானப்படைக்கு 162.5 வேண்டும். பிறகு முதுகும் இடுப்பும் சுவரில் ஒட்டும்படி தரையில் உட்கார வைத்து, நீட்டிய காலைக் குதிகால் வரை அளந்தோம். 102. குறைந்தது 99 இருக்க வேண்டும், 120ஐத் தாண்டக் கூடாது. தொடை நீளம் 64க்குள் அடங்க வேண்டும், அடங்கியது. உட்கார்ந்த நிலையில் உயரம் 81.5க்கும் 96க்கும் இடையில் இருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தது. விமானி இருக்கையின் அளவுகளிலிருந்து வந்த எண்கள் இவை. கால் எட்டாவிட்டால் பெடலை முழுவதும் மிதிக்க முடியாது. வீட்டில் டேப் வைத்து அளந்தது மருத்துவக் குழுவின் முடிவாகிவிடாது. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் தயாரான பிறகு இந்த எண்களைக் கேள்விப்பட்டு மனம் உடைவதைவிட இது மேல்.

அடுத்து அந்தப் பையனை நிறுத்தினோம். உயரமெல்லாம் சரி. ஆனால் அவன் கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிந்திருந்தான், மைனஸ் ஒன்றரை. அவனிடம் பிறகு வருகிறேன்.

படைகளுக்குள்ளும் வேறுபாடு இருக்கிறது. விமானப்படையில் முதல்கட்டப் பயிற்சி எல்லோருக்கும் விமானத்தில்தான். அதன்பின்தான் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரிப்பார்கள். உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் தர வரிசையும் படையின் தேவையும்தான் முடிவு செய்யும். ஹெலிகாப்டர் கிடைத்தால் ஹக்கிம்பேட்டில் சேத்தக்கில் பயிற்சி. ராணுவத்தின் வான்பிரிவு 1986 நவம்பர் 1 அன்று தனிப்பிரிவானது, அதன் பள்ளி நாசிக்கில் இருக்கிறது. அங்கே விமானி ஆகிவிட்டால் ஹெலிகாப்டர்தான். ஆனால் முதலில் ராணுவ அதிகாரி ஆக வேண்டும், பிறகு வான்பிரிவுக்குத் தேர்வாக வேண்டும். ஆக, விமானப்படையில் பறப்பது உறுதி, ஹெலிகாப்டர் உறுதியில்லை. ராணுவத்தில் பறந்தால் ஹெலிகாப்டர் என்பது உறுதி, பறப்பது உறுதியில்லை. ராணுவத்தில் இந்த வழியில் முன்னே போன பெண் கேப்டன் அபிலாஷா பராக். 2022 மே மாதம் ராணுவ வான்பிரிவின் முதல் பெண் போர் விமானி ஆனார்.

என் மனம் கடற்படைப் பக்கம் சாய்வதை நான் மறைக்கவில்லை. அசையும் கப்பலின் பின்தளத்தில், சில மீட்டர் இடத்தில், காற்றுக்கும் அலைக்கும் ஈடுகொடுத்து இறங்குவது போன்ற வேலை ஹெலிகாப்டர் உலகில் குறைவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் விமானங்கள் ராஜாளியில்தான் இறங்கின. அதே வெள்ளத்தில் ராமாபுரத்தில் ஒரு மொட்டை மாடியிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணியை விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கியது. அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே ரயிலோடு சிக்கிக்கொண்டவர்களுக்கு உணவு வந்ததும் ஹெலிகாப்டரில்தான். இப்படி ஒரு நாளுக்காக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சீருடை வழியைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மணிநேரக் கேள்விக்கும் இங்கேதான் முழுமையான பதில் இருக்கிறது. அரசே பறக்க வைக்கிறது. படையை விட்டு வெளியே வரும் விமானிகள் பலரிடம் இரண்டாயிரம் மணிநேரத்துக்கு மேல் இருக்கும், மலையும் கடலும் இரவும் பழகியிருக்கும்.

சொந்தச் செலவில் உரிமம்

இந்தியாவில் விமானம் ஓட்டக் கற்றுத்தர முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. ஹெலிகாப்டருக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பெயர் பெற்றது பெங்களூரில், அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் ரோட்டரி விங் அகாடமி. இடங்கள் குறைவு, மணிநேரக் கட்டணம் சிறிய விமானத்துக்கு ஆவதைவிடப் பல மடங்கு. அதனால் பலர் அமெரிக்கா போகிறார்கள். அங்கே பயிற்சி பெரும்பாலும் ராபின்சன் ஆர்-22 என்ற இரண்டு இருக்கை ஹெலிகாப்டரிலோ, நான்கு இருக்கை ஆர்-44இலோ நடக்கிறது.

ஆர்-22 கற்றுத்தரும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் இறக்கைகள் எடை குறைந்தவை. எஞ்சின் நின்றுவிட்டால் இடக்கையில் இருக்கும், இறக்கைகளின் சாய்வை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலை ஒன்றிரண்டு விநாடிக்குள் கீழே இறக்கியாக வேண்டும். இறக்கினால், கீழிருந்து மேலே வரும் காற்று இறக்கைகளைக் காற்றாடிபோல் சுழற்றிக்கொண்டே இருக்கும். தரை நெருங்கும்போது அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெதுவாக இறங்கிவிடலாம். தாமதித்தால் சுழற்சி போய்விடும், அதைத் திரும்பப் பெற முடியாது. மாணவர் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார், சிந்திக்கும் முன்பே கை இறங்கும் வரை. அந்தப் பயிற்சி பொன் போன்றது.

சிக்கல் உரிமம் வாங்கிய பிறகு வருகிறது. அமெரிக்க மாணவர் உரிமம் பெற்றதும் பயிற்சி ஆசிரியர் ஆகிறார். பிறருக்குக் கற்றுக்கொடுத்தே ஆயிரம் மணிநேரத்தை எட்டி, சுற்றுலா, எண்ணெய்க் கிணறு, மருத்துவ ஹெலிகாப்டர் என்று ஏறிப்போகிறார். தொழிற்கல்வி விசாவில் போகும் நம் மாணவருக்கு, ஆயிரம் மணிநேரம் சேரும் அளவுக்கு அங்கே தங்கி வேலை பார்க்கும் உரிமை இல்லை. 150 மணிநேரத்தோடு ஊர் திரும்பி, விமான விதிகள், வழிகாட்டல், வானிலை முதலான, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) தேர்வுகளை எழுதி உரிமத்தை மாற்றிக்கொள்கிறார். மாற்றிய பிறகு ஆசிரியராகலாம் என்றால் இங்கே ஹெலிகாப்டர் பள்ளிகளே சொற்பம். அமெரிக்கர் ஏறிப்போகும் ஏணியின் முதல் படி நம் ஊரில் இல்லை.

இந்தியாவின் தனியார் ஹெலிகாப்டர் வேலைகளைப் பாருங்கள். கேதார்நாத் யாத்திரைச் சேவை 3,500 மீட்டருக்கு மேலே இறங்குகிறது. காற்று மெலிந்த இடம், குறுகிய பள்ளத்தாக்கு, பெரும்பாலும் ஒற்றை எஞ்சின், ஒற்றை விமானி. தேர்தல் காலத்தில் தலைவர்களைச் சுமக்கும் வேலையும் எளிதல்ல, தெரியாத ஊரில் தெரியாத மைதானத்தில் இறங்க வேண்டும். இரண்டிலும் புதியவரை உட்கார வைக்கக் கூடாது, வைப்பதும் இல்லை. புதியவருக்கு நியாயமாகத் திறக்கக்கூடிய கதவு, இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும் இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர். அது முக்கியமாக மும்பை ஜூஹுவிலிருந்து கடலுக்குள் 160 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலுக்குப் போகும் வேலை. 1985இல் தொடங்கப்பட்ட பவன் ஹன்ஸ் போன்ற நிறுவனங்கள் அதைச் செய்கின்றன. அங்கே துணை விமானி இருக்கை கிடைத்தால் மணிநேரம் சேரும். ஆனால் அதே இருக்கைக்குப் படையிலிருந்து வந்தவர்களும் காத்திருக்கிறார்கள்.

அக்காவிடம் நான் ஒளிக்காமல் சொன்னது இதுதான்: வீட்டை அடமானம் வைத்து இந்த உரிமத்தை வாங்காதீர்கள். உரிமத்துக்கும் முதல் வேலைக்கும் இடையே எத்தனை ஆண்டு போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. வட்டி மட்டும் மாதம் தவறாமல் வரும்.

விமானத்துக்குத் திரும்புவது

ஹெலிகாப்டர் ஆசையோடு வருபவர்கள் பலர் கடைசியில் விமானத்துக்குப் போகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. உரிமத்துக்கு 200 மணிநேரம், செலவு அரை கோடியைத் தாண்டும். ஆனால் ஏணி இருக்கிறது. ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு ரகத்துக்குத் தனிப் பயிற்சி முடித்து 200 சொச்சம் மணிநேரத்தோடு துணை விமானியாக உட்காரலாம். மீதி மணிநேரத்தை விமான நிறுவனமே சம்பளம் கொடுத்துச் சேர்த்துத் தருகிறது. 2023இல் இண்டிகோ ஒரே நேரத்தில் 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. இங்கும் உரிமம் வாங்கியதும் வேலை உறுதி என்றில்லை, காத்திருப்பவர்கள் ஏராளம். ஆனாலும் ஹெலிகாப்டரோடு ஒப்பிட்டால் வாய்ப்பு பல மடங்கு. சம்பளமும் குடும்பமும் முதலில் வந்தால் இதுவே சரி.

ஆபத்து

இதைப் பேசாமல் எந்த ஒப்பீடும் நேர்மையாகாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிப் போன விமானப்படையின் எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தார்கள், ஒருவர் மட்டும் ஒரு வாரம் கழித்து. எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்து விமானிக்குத் திசை உணர்வு தவறியதே காரணம் என்று விசாரணை சொன்னது. 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்தில் ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் சென்னைவாசிகளும் உண்டு. 2025 ஜூன் 15 அன்று கௌரிகுண்ட் அருகே மறுபடியும் ஏழு பேர். அந்த விமானி ராணுவத்தில் நீண்ட காலம் பறந்து ஓய்வு பெற்றவர். 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்து மூவர் இறந்த பிறகு அந்த ரக ஹெலிகாப்டர்கள் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன.

எந்த வழியும் ஆபத்தில்லாதது அல்ல என்பதற்காகவே இவற்றை வரிசையாகச் சொன்னேன். மலையில் மேகம் இறங்கும்போது திரும்பிவிடும் மனம் முக்கியம், திரும்பியவரைக் கடிந்துகொள்ளாத நிறுவனம் அதைவிட முக்கியம். தனியாரில் வேலைக்குப் போகும் யாரும் சம்பளம் கேட்பதற்கு முன்பு, வானிலை சரியில்லை என்று பறக்க மறுத்த விமானிக்கு அங்கே என்ன நடந்தது என்று அங்கு வேலை பார்ப்பவர்களிடம் விசாரிக்க வேண்டும்.

அந்தப் பையன்

அக்கா மகள் என்.டி.ஏ.வுக்குப் படிக்கிறாள். முதல் விருப்பம் கடற்படை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

கண்ணாடி அணிந்த பையனுக்கு வழி வேறு. இன்றைய பார்வையோடு படைகளின் விமானி இருக்கை கிடைக்காது. பட்டம் முடித்து ஏ.எஃப்.கேட் வழியாகப் போவதானால், இருபது வயதுக்குப் பிறகு லேசர் சிகிச்சை செய்து, பன்னிரண்டு மாதங்கள் கழிந்து, விழியின் நீளம் முதலான அளவுகள் வரம்புக்குள் இருந்தால் பரிசீலிப்பார்கள். அவசரப்பட்டு இப்போதே சிகிச்சை செய்துகொண்டால் அந்தக் கதவும் மூடிவிடும். சொந்தச் செலவில் வாங்கும் தொழில்முறை உரிமத்துக்குக் கண்ணாடி தடையில்லை, ஆனால் முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். அதனால் எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்டும் முன்பு டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். அவன் பொறியியல் சேர முடிவு செய்திருக்கிறான், இருபது வயது வரை கண்ணில் கத்தி வைப்பதில்லை என்றும். புறப்படும்போது வாசலில் நின்று, "சேத்தக் எத்தனை மணிக்குக் கிளம்பும் அங்கிள்?" என்று கேட்டான். ஆறரைக்கெல்லாம் சத்தம் கேட்கும் என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கே சைக்கிளில் வந்து நின்றான்.