விளிம்பு வெடிப்புகள் குறித்த இணையவழிப் பாடம்: நான்கு நட்சத்திரம்

காந்தச் சுருள்களுக்கு மின்வழங்கி வடிவமைப்பவன் நான். டோகமாக் எனப்படும், காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் அணுக்கரு இணைவுக் கருவியில், பிளாஸ்மாவின் (மிகச் சூடான, மின்னேறிய வாயுவின்) விளிம்பு வெடிப்புகளைப் பற்றிய இந்தப் பாடத்துக்குக் கொடுத்த காசு வீணில்லை. 1982-இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில் கண்டறிந்த உயர் அடைப்பு நிலையில் (வெப்பம் எளிதில் வெளியேறாமல் பிளாஸ்மா நன்கு அடைபட்டிருக்கும் நிலை), விளிம்பில் அழுத்தம் செங்குத்தாக ஏறி, தாங்காமல் பிளாஸ்மா இழை இழையாகப் பிய்த்துக்கொண்டு பாய்கிறது. அதிவேகக் கேமராப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள். அடி வாங்குவதென்னவோ வெளியேறும் வெப்பத்தையும் துகள்களையும் ஏற்கும் டைவர்ட்டர் தகடுகள்! பிரான்ஸில் எழும்பிவரும் ஈட்டர் என்னும் பன்னாட்டு டோகமாக்குக்கான 27 உட்சுருள்களைப் பற்றிய பகுதி அருமை: காந்தப்புலத்தைச் சற்றே குலைத்து, அழுத்தம் வரம்பைத் தொடுமுன் கசியவிடும் வித்தை. உறைந்த ஹைட்ரஜன் வில்லைகளைச் செலுத்திச் சிறு வெடிப்புகளை அடிக்கடி வரவழைக்கும் முறைக்கு மட்டும் ஓரவஞ்சனை. இரண்டே படங்களில் கைகழுவிவிட்டார்கள். ஒலிப்பதிவு படுமோசம். பயிற்சிக் கணக்குகளுக்கு விடை கேட்டு எழுதினேன், பதிலே இல்லை.