ஸ்டேட்டிக் சில்லரா, ப்ளோவர் சில்லரா: கறிக்கடை அடுக்களைக்கு எது சரி?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ சாப்பாட்டுக் கடைக்கு நான்கு கதவு சில்லர் பார்க்கப் போனால், வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கு விலை மட்டும் வேறு வேறாகச் சொல்வார்கள். மலிவானது ஸ்டேட்டிக், விலை கூடியது ப்ளோவர். இரண்டும் குளிரத்தானே செய்கிறது என்று மலிவானதை எடுப்பவர்கள்தான் அதிகம். வாழையிலைக் கடை, நாசி கண்டார் கடை போல சமைத்த கறியும் பச்சை இறைச்சியும் ஒரே பெட்டிக்குள் போகும் இடங்களுக்கு அந்த முடிவு சரிப்படாது.

ஸ்டேட்டிக்கில் குளிர்க் குழாய் சுவருக்குள் ஓடும், விசிறி கிடையாது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தானாகக் கீழே இறங்கும். அடித்தட்டு நன்றாகக் குளிர்ந்திருக்க, மேல்தட்டு வழக்கமாகச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். ப்ளோவரில் குழாய்க்கட்டின் வழியாக விசிறி காற்றை இழுத்துத் தள்ளுவதால் எல்லாத் தட்டும் கிட்டத்தட்ட ஒரே குளிர். மதிய நேரத்தில் கதவை ஓயாமல் திறந்து மூடினாலும் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எந்தத் தட்டில் எதை வைப்பது என்று பார்க்கும்போதுதான் இந்த வேறுபாடு கடிக்கும். சமைத்ததும் அப்படியே பரிமாறுவதும் மேலே, அதற்குக் கீழே மீன், பிறகு ஆட்டிறைச்சித் துண்டுகள், அதன் கீழ் கொத்திறைச்சி, எல்லாவற்றுக்கும் அடியில் கோழி என்பது அடுக்கும் முறை. கோழியின் நீர் சொட்டினால் அது தரையில்தான் விழ வேண்டும், பச்சடியில் விழக்கூடாது. ஆனால் ஸ்டேட்டிக்கில் மேல்தட்டுதான் குளிர் குறைந்த இடம். மறுபடி வேகவைக்காத பச்சடியும் சட்னியும் அங்கே போய் உட்காரும். கீழே இறக்கினால் பச்சை இறைச்சிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஸ்டேட்டிக் வாங்கியவர் இந்த இக்கட்டிலிருந்து தப்ப ஒரே வழி, சமைத்ததற்கு ஒரு பெட்டி, பச்சைக்கு ஒரு பெட்டி என்று பிரிப்பது. அப்போது விலையில் மிச்சம் பிடித்தது போய்விடும். ஒரே பெட்டிதான் வைக்க முடியும் என்றால் ப்ளோவர் வாங்குங்கள்.

ப்ளோவருக்கும் குறை உண்டு. ஓடும் காற்று ஈரத்தை உறிஞ்சும். மூடாத மாவின் மேல் தோல் கட்டும், கீரை வாடும், மீன் காய்ந்துபோகும். எல்லாவற்றையும் மூடி வைக்கும் பழக்கம் இல்லாத அடுக்களையில் இது நஷ்டம். மீனுக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும்: ஓட்டைத் தட்டில் ஐஸ் பரப்பி மீனை வைத்து மேலும் ஐஸ் போட்டு, உருகும் நீர் வடிய அடியில் இன்னொரு தட்டு. கெம்போங், தெங்கிரி போன்ற மீன்கள் குளிர் குறைந்து கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சு உருவாகும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. காய்கறிக்கும் ஊறப்போட்ட மாவுக்கும் இரண்டாவது பெட்டி வாங்குகிறீர்கள் என்றால் ஸ்டேட்டிக் போதும்.

பழுதாகும் விதமும் வேறு. ஸ்டேட்டிக்கில் சுவரில் பனி படியும். அரை சென்டிமீட்டரைத் தாண்டினால் நிறுத்திக் கரைக்க வேண்டும், கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகிப் பெட்டியே வீணாகும். ப்ளோவரில் பனி கண்ணுக்குத் தெரியாமல் விசிறிக்குப் பின்னால் படியும். கதவு ரப்பர் தளர்ந்தாலோ கதவு பாதி திறந்தே கிடந்தாலோ நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்து குழாய்க்கட்டை ஐஸ் பாளமாக்கிவிடும். விசிறிச் சத்தம் கேட்கும், கம்ப்ரசர் ஓயாது, ஆனால் காற்று வராது. பெட்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, பாளம் முழுவதும் உருகும்வரை காத்திருங்கள். அதுவரை பொருளெல்லாம் வேறு சில்லரிலோ ஐஸ் பெட்டியிலோ இருக்கட்டும். ரப்பரைச் சோதிக்க ஒரு ரிங்கிட் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. விசிறி முன்னால் ஒரு சாண் இடமாவது காலியாக இருக்கட்டும். கம்பித்தட்டில் அட்டையோ அலுமினியத் தாளோ விரித்தால் காற்று அங்கேயே நின்றுவிடும்.

இரண்டு வகைக்கும் பொதுவான வியாதி, வெப்பத்தை வெளியே விடும் குழாய்க்கட்டான கன்டென்சரில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு. தாளிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பெட்டியில் சில வாரங்களிலேயே தூசியும் எண்ணெயும் சேர்ந்து கம்பளி போலப் படிந்துவிடும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் குளிர் குறையும். உடனே ‘கேஸ் அடிக்க வேண்டும்’ என்பார்கள். மூடிய குழாய்க்குள் இருக்கும் கேஸ் தானாகத் தீராது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, கசிவை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் காலியாகும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் கன்டென்சரைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து ஒரு நாள் பாருங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்வது நல்லது. வாங்கும்போது 40 டிகிரிச் சுற்றுவெப்பத்துக்குச் சோதித்த மாடலா என்று கேளுங்கள். 30 டிகிரிக்கு மட்டும் சோதித்தது நம் அடுக்களையில் திணறும்.

எது வாங்கினாலும் ஒரு வேலைக்கு அது உதவாது: சூடான கறியை ஆற்றுவதற்கு. கணக்குப் போட்டால் புரியும். 20 லிட்டர் கறியை 60 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.2 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அரை கிலோவாட் வெளியேற்றும் பெட்டி, வேறெந்த வேலையும் செய்யாமல் இருந்தாலும், இரண்டரை மணி நேரம் முக்க வேண்டும். நிஜத்தில் குண்டானின் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும், பக்கத்துத் தட்டில் இருப்பதும் சூடேறும். இறைச்சிக் கறியில் கொதிக்கும்போது சாகாத கிளாஸ்ட்ரிடியம் என்னும் கிருமியின் விதைகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்து வேகமாகப் பெருகும்.

60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். முதல் கட்டத்துக்கு ஐஸ்தான் கைகொடுக்கும். அந்த 20 லிட்டருக்கு 10 கிலோ ஐஸ் உருகும், சுற்றுவெப்பத்துக்கும் சேர்த்து 15 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். கறியை இரண்டு குண்டானாகப் பிரித்து, சிங்க்கில் ஐஸும் தண்ணீரும் கறியின் மட்டத்துக்கு நிரப்பி இறக்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிண்டுங்கள். சந்தான் (தேங்காய்ப்பால்) சேர்த்த கறியில் மேலே மிதக்கும் எண்ணெய் சூட்டை வெளியே விடாது, கிண்டாமல் விட்டால் ஐஸ் போட்டும் பலன் குறைவு. 21 டிகிரி தொட்டதும் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தட்டில் ஊற்றி சில்லருக்குள் வையுங்கள், முழுதும் குளிர்ந்த பிறகு மூடுங்கள். ப்ளோவரில் இந்த இரண்டாம் கட்டம் வேகமாக முடியும்.

சூடான உணவை வேகமாக ஆற்றவே செய்த பிளாஸ்ட் சில்லர் இதையெல்லாம் 90 நிமிடத்தில் முடித்துவிடும். கேட்டரிங் நடத்துபவருக்கு அது தேவை. அன்றன்று சமைத்து அன்றே விற்கும் கடைக்கு அந்தப் பணத்தில் ஐஸ் மெஷினே மேல்.

மிச்சச் சோறும் இப்படித்தான். மறுநாள் நாசி கோரேங்குக்கு வைப்பதை உடனே மெல்லிசாகப் பரப்பி ஆற்றி உள்ளே வைக்க வேண்டும். வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி உண்டாக்கும் வாந்தி நச்சு, மறுநாள் குவாலியில் எவ்வளவு வறுத்தாலும் அழியாது.

டைபாய்டு ஊசியும் உணவு கையாள்வோர் பயிற்சியும் 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி கட்டாயம். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர்தான் பல கடைகளில் இல்லை. கதவுக்கு மேலே ஒளிரும் எண் உள்ளே ஓடும் காற்றின் வெப்பநிலை, கறியின் வெப்பநிலையல்ல. மேல்தட்டில் கதவோரமாக ஒரு தண்ணீர் போத்தல் வைத்து, காலையிலும் மதிய நெரிசல் முடிந்ததும் அதற்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 4 டிகிரிக்கு மேல் போனால் பெட்டியைக் கவனிக்க வேண்டும். தெர்மாமீட்டரையும் வாரம் ஒருமுறை ஐஸ் கரைசலில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

குளிர்பானக் கம்பெனி கொடுக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி இந்தப் போட்டியிலேயே இல்லை. அது போத்தலுக்கும் டின்னுக்கும் செய்தது, கோழியை அதில் வைக்காதீர்கள்.

மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய சில்லர் ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். 4 மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் சமைத்த கறி, பால், சந்தான், இறைச்சி, மீன் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கெடுதல் செய்யும் கிருமி பெரும்பாலும் நாற்றம் காட்டாது.