பேச்சுக்குப் புள்ளி: முன்னளிக்கையா, நேர்காணலா, சோடிப் பேச்சா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகள் ஓ.எல். ஆங்கிலப் பரீட்சையை எழுத்தில்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் தாளில் வாய் திறக்க வேலையில்லை. அதனால் கம்பஸ் ஆங்கில வகுப்பில், பேச்சில் ஆசிரியர்கள் நாம் எதற்குப் புள்ளி போடுகிறோமோ அதைத்தான் அவர்கள் பழகுவார்கள்.

வழக்கமாக நடப்பது முன்னளிக்கை, அதாவது வகுப்பின் முன் நின்று ஒரு விடயத்தைப் பேசும் பிரசன்டேஷன். சபைக்கூச்சம் தெளிய நல்லது, அவ்வளவுதான். பாடமாக்கி ஒப்புவித்தாலும் புள்ளி விழும். இடையில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்.

நேர்காணல் அதைவிட நேர்மையானது. வெளிநாடு போக எழுதும் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் பேச்சு 11 முதல் 14 நிமிடம், பரீட்சகரும் மாணவரும் மட்டும். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம எடை. குறை என்னவென்றால், கேள்வி கேட்பது எப்போதும் பரீட்சகர்தான். பேச்சைத் தொடங்கவும் திருப்பவும் பிள்ளைக்குத் தெரியுமா என்பது கடைசிவரை வெளிவராது.

சோடிப் பேச்சில் அது வெளிவரும். கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பரீட்சைகள் பலவற்றில் இரண்டு பேரை ஒன்றாக இருத்துவார்கள். ஒரு பரீட்சகர் நடத்த, மற்றவர் ஓரமாக இருந்து புள்ளியிடுவார். ஜேர்மனியில் இருக்கும் துணையிடம் போக நம்மவர்கள் எழுதும் கோதே ஏ1 என்ற தொடக்கநிலை ஜேர்மன் மொழிப் பரீட்சையிலும் பேச்சு குழுவாகத்தான். அட்டையை எடுத்து ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும்.

நம் வகுப்புக்கு இப்படிச் செய்யலாம். ஒருவர் கையில் பருத்தித்துறை பஸ் நேரங்கள், மற்றவர் கையில் பெரியாஸ்பத்திரி கிளினிக் துண்டு. எந்த பஸ்ஸில் போவது என்று இருவரும் கதைத்து முடிவெடுக்க வேண்டும். விளங்காதபோது "திரும்பச் சொல்லுங்கோ" என்று ஆங்கிலத்தில் கேட்டால் அதற்கும் புள்ளி. நம் பிள்ளைகள் பேசாமல் நின்றுவிடுவது அந்த இடத்தில்தான்.

வட்ஸ்அப் குரல்பதிவு பயிற்சிக்கு அருமை. தன் குரலைத் தானே கேட்டுத் திருத்தலாம். பரீட்சைக்கு வேண்டாம், தாளைப் பார்த்து வாசித்துவிடுவார்கள்.

என் தெரிவு: தவணை முழுக்கக் குரல்பதிவு, முடிவில் சோடிப் பேச்சு. வாய்காரர் ஒருவர் அமைதியான பிள்ளையை அமுக்கிவிடுவார் என்ற பயம் நியாயம்தான். அதற்கு ஆளை மாற்றி இரண்டு தரம் வைக்க வேண்டும். நேரம் இடிக்குமா? 60 பேரைத் தனித்தனியாக 12 நிமிடம் கேட்டால் 12 மணித்தியாலம். 30 சோடியை அதே 12 நிமிடப்படி இரண்டு தரம் கேட்டாலும் 12 மணித்தியாலம்தான். இரண்டாவது பரீட்சகர் கிடைக்காவிட்டால் போனில் பதிவுசெய்து வையுங்கள். சந்தேகமான சோடிகளை மட்டும் சக ஆசிரியர் ஒருவர் பிறகு கேட்டால் போதும்.