மணாலி பேக்கேஜில் போன 46,500 ரூபாய்: டெல்லித் தமிழர்கள் கவனத்துக்கு

பள்ளிக்கூடம் மூடியாச்சு, வெயில் 45 டிகிரி, ஊருக்குப் போகிற ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட். மே கடைசியில் இந்த மூன்றும் சேரும்போதுதான் மணாலி புரோக்கர்களுக்கு அறுவடை. நாங்கள் நான்கு குடும்பம், 14 பேர், ஒரு புரோக்கரிடம் கொடுத்த முன்பணம் 46,500 ரூபாய். சனிக்கிழமை இரவு 9 மணிக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர் பக்கம் வரவேண்டிய வண்டி வரவில்லை. புளியோதரைப் பொட்டலத்தை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்து பிரித்ததுதான் மிச்சம்.

அந்த ஆளின் பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவான். இந்த வகை ஆட்களுக்குக் கடை கிடையாது. வாட்ஸ்அப் எண், பஹார்கஞ்ச் முகவரி போட்ட லெட்டர்ஹெட், தமிழ் பேசுகிற 'டூர் மேனேஜர்', அவ்வளவுதான்.

அந்தத் தமிழ்தான் தூண்டில். "அண்ணே, நமக்குச் சங்கரன்கோவில் பக்கம். நம்ம ஆளுங்ககிட்டப் போய் கமிஷன் பாப்பேனா?" ஆட்டோக்காரரிலிருந்து காய்கறிக்காரர் வரை இந்தியில் மல்லுக்கட்டி அலுத்த காதுக்கு இது தேன். அதோடு நிறுத்தவில்லை. "குட்டிப் பசங்களுக்கு நைட் தயிர்சாதம் போடச் சொல்லி ஹோட்டல்ல சொல்லிடறேன் அண்ணே." அந்தத் தயிர்சாதத்துக்குத்தான் 46,500 ரூபாய்.

எல்லாம் சேர்த்து 93,000 என்றான். பாதி முன்பணம். ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருப்பான். டெல்லி–மணாலி ஒரு வழி சுமார் 540 கிலோமீட்டர். 16 சீட் டெம்போ டிராவலருக்கு நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு, 5 நாளுக்கு 1,250. கிலோமீட்டருக்கு 26 ரூபாய் என்று வைத்தாலும் 32,500. டிரைவர் பேட்டா 2,500. சீசனில் ஓரளவு சுமாரான ரூம் 3,500, ஐந்து ரூம், மூன்று ராத்திரி: 52,500. இதுவே 87,500 ஆச்சு. டோல், ஹிமாச்சல் வரி, 14 பேருக்கு மூன்று வேளை இரவுச் சாப்பாடு, மணாலிக்கு மேலே ரோதாங் கணவாய்ப் பயணம் எல்லாம் மீதி 5,500-க்குள் எப்படி அடங்கும்? சாப்பாடு மட்டுமே தலைக்கு 400 போட்டால் 16,800. விலை மலிவாக இருந்ததால் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. வெட்கக்கேடு.

பயணத் திட்டத்தில் செவ்வாய்க்கிழமை ரோதாங் கணவாய் என்று இருந்தது. பராமரிப்புக்காகச் செவ்வாய்தோறும் சுற்றுலா வண்டிகளை ரோதாங்குக்கு விடுவதில்லை. மற்ற நாட்களிலும் பசுமைத் தீர்ப்பாயம் வைத்த வரம்பு நாளுக்கு 1,200 வண்டி: பெட்ரோல் 800, டீசல் 400. பர்மிட் குல்லு மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில், வண்டி எண் கொடுத்து எடுப்பது. ஆகவே வண்டி எண்ணே சொல்லாமல் "ரோதாங் பர்மிட் கையில இருக்கு" என்றால் அது பச்சைப் பொய். அடல் சுரங்கப்பாதை வேறு, அதற்குப் பர்மிட் தேவையில்லை. 9 கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி சிஸ்ஸு என்ற ஊரில் இறக்கிவிட்டு "இதான் ரோதாங்" என்று காட்டுகிற கூட்டமும் உண்டு. அவர்களாவது வண்டி அனுப்புகிறார்கள்.

வண்டி எண்ணைக் கடைசியில் வாங்கினோம். வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டபோது ஸ்கூட்டர் என்று வந்தது. அது பணம் போன பிறகு.

ஜிஎஸ்டி எண்ணும் அப்படித்தான். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. டெல்லிக்கு 07. இவன் தாளில் 09, அதாவது உத்தரப் பிரதேசம். ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் எங்கேயோ ஒரு ஹார்டுவேர் கடை. கியூஆரை ஸ்கேன் செய்ததும் திரையில் வந்தது டிராவல்ஸ் பெயர் இல்லை, ஒரு பெண்ணின் பெயர். கேட்டால், "மேடம் அக்கவுண்ட் அண்ணே, கரண்ட் அக்கவுண்ட்ல லிமிட் முடிஞ்சிடுச்சு." இதையும் நம்பியாச்சு.

ஹோட்டல் வவுச்சர் மட்டும் அரைப் பொய். அந்த ஹோட்டல் இருக்கிறது. நேரடியாகக் கூப்பிட்டபோது ரிசப்ஷனில் சொன்னார்கள்: ரூமைப் பிடித்துவைக்கச் சொன்னார்கள், பணம் வரவில்லை, மறுநாளே விட்டுவிட்டோம். பிடித்துவைத்த அந்த ஒரு நாளில் வாங்கிய தாளைக் காட்டித்தான் 46,500 வசூல்.

அப்புறம் அலைக்கழிப்பு. "டிரைவருக்கு ஃபீவர்." "அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன்." "மேடம் ஹரித்வார் போயிருக்காங்க." "ஏழு வேலை நாள்ல ரீஃபண்ட் வந்துடும் அண்ணே." இந்த ஏழு நாளைக் கவனியுங்கள். அது ஆறுதல் இல்லை, கெடு. சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே சொன்னால், பணம் அந்தக் கணக்கில் இருக்கும்வரை முடக்க வழி உண்டு. அந்த நேரத்தைத் தாண்டவைக்கத்தான் அந்தக் கெடு. ஆறாம் நாள் நாங்கள் கூப்பிட்டபோது கணக்கு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நடுவில் இன்னொரு எண்ணிலிருந்து "ரீஃபண்ட் கியூஆர்" வேறு வந்தது, ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பர் போடச் சொல்லி. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் எதற்கு? அங்கே மட்டும் புத்தி வேலை செய்தது.

போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்றார்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, ஆனால் எதிர்த்தரப்பு முகவரி வேண்டும். பஹார்கஞ்ச் முகவரியில் இருப்பது ஜூஸ் கடை.

விவரமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. மஞ்சள் பிளேட் போட்ட வாடகை வண்டியின் எண் வராமல் ஒரு ரூபாய் தராதீர்கள். ஹோட்டல் எண்ணை வவுச்சரிலிருந்து எடுக்காமல் நீங்களே தேடிக் கூப்பிடுங்கள். தனி ஆள் பெயரில் கியூஆர் வந்தால் நிறுத்துங்கள். ராத்திரிப் பயணத்துக்கு இரண்டு டிரைவர் கேளுங்கள். ஏமாந்தால் அன்றைக்கே 1930.

எங்கள் எண்களை பிளாக் செய்துவிட்டான். மச்சினன் போனில் அவன் ஸ்டேட்டஸ் இன்னும் தெரிகிறது: ஜூன் ஸ்பெஷல், 14 பேருக்கு 93,000. அதிலும் ரோதாங் செவ்வாய்க்கிழமைதான்.