டி-சட்டை அச்சுக்கு வெக்டரா, பிக்சலா?

பினாங்கில் தைப்பூசத்திற்குத் தண்ணீர்ப் பந்தல் அமைக்கும் எங்கள் குழுவுக்கு ஆண்டுதோறும் டி-சட்டை வடிவமைப்பவன் என்ற முறையில், சின்னமும் எழுத்தும், புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாக வரையப்படும் வெக்டர் வடிவில்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாகக் கூறுவேன்.

பிக்சல் எனும் சிறு நிறப்புள்ளிகளால் ஆன படத்தை அச்சாகும் அளவிலேயே, அங்குலத்திற்கு 300 பிக்சல் என்று தொடக்கத்திலேயே அமைத்து வரைய வேண்டும். 12 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும் கொண்ட படத்திற்கு அது 3600க்கு 4800 பிக்சல் ஆகும். சிறிய படத்தைப் பின்னர் பெரிதாக்கினால், இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புமே தவிர, கூர்மை கூடாது. ஒருமுறை எங்கள் வேல் சின்னம் புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாக அனுப்பப்பட்டுச் சுருங்கிப்போனதால், வேலின் நுனி படிக்கட்டுபோல் அச்சானது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

வெக்டரிலோ கோடுகள் கணித வடிவில் இருப்பதால், நெஞ்சுச் சின்னமும் முதுகளவுப் படமும் ஒரே கோப்பிலிருந்து கூர்மையாக வரும். ஒவ்வொரு நிறத்தையும் தனித் திரை வழியே பதிக்கும் திரை அச்சுக்கு நிறங்களைப் பிரிப்பதும் எளிது. ஆனால் தமிழ் எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிய பிறகே அனுப்ப வேண்டும். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் அவை வெறும் கட்டங்களாகவோ, ‘வே’யின் கொம்பு இடம் மாறியோ அச்சாகக்கூடும்.

நிழற்சாயல் நிறைந்த ஓவியத்திற்கும் ஒளிப்படத்திற்கும் பிக்சலே பொருந்தும். அதனைப் பின்னணி நீக்கிய பிஎன்ஜி (PNG) படக் கோப்பாகக் கொடுப்பது நல்லது.