நிலக்கரிச் சுரங்க ஓடைக்குக் கையடக்க பிஹெச்–கடத்துதிறன் மீட்டர்: வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் எலெக்ட்ரோடை (நீரில் நனைக்கும் உணர்முனை) தனியாக மாற்ற முடிகிற மாடலை மட்டும். சுரங்க ஓடையில் முதலில் கெடுவது அதுதான். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) சிதைந்து வெளியேறும் இரும்பு, காற்றுப் பட்டதும் ஆரஞ்சு நிறச் சேறாகப் படியும். அது எலெக்ட்ரோடின் கண்ணாடிக் குமிழில் ஒட்டிக்கொண்டால் ரீடிங் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்து, கழுவி, மறுபடி காலிபரேட் செய்தால் (பிஹெச் தெரிந்த கரைசலில் வைத்துச் சரிசெய்தால்) பெரும்பாலும் சரியாகிவிடும். வேலை முடிந்ததும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் எலெக்ட்ரோடு சீக்கிரமே போய்விடும்.

காலிபரேஷனை பிஹெச் 7 பஃபரோடு (பிஹெச் தெரிந்த கரைசல்) மட்டும் ஒப்பேற்றாதீர்கள். அமில ஓடைக்கு 4.01 பஃபரும் கட்டாயம். ஸ்லோப் (பிஹெச் மாற்றத்துக்கு எலெக்ட்ரோடு எவ்வளவு சரியாக ஈடுகொடுக்கிறது என்ற அளவு) 95 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அன்றைய அளவுகளை நம்ப வேண்டாம்.

இந்தக் கருவியின் உண்மையான பலம் கடத்துதிறன்தான், அதாவது கரைந்த அயனிகளால் நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்ற அளவு. ஓடை சுரங்கத்தை அடையும் முன்பும் அதைக் கடந்த பின்பும் ஒரே நாளில் அளந்தால், பிஹெச் அசையாதபோதும் சல்பேட் கலப்பதற்கான அறிகுறி தெரிந்துவிடும் (சுண்ணாம்புப் பாறை உள்ள ஓடைகளில் பிஹெச் 7-ஐ ஒட்டியே நிற்கும்). எந்த அயனி என்று மட்டும் சொல்லாது. அதற்கு ஆய்வகம்தான்: கரைந்த உலோகங்களுக்கு 0.45 மைக்ரானில் வடிகட்டி நைட்ரிக் அமிலம் சேர்த்த பாட்டில், சல்பேட்டுக்கு அமிலம் சேர்க்காத இன்னொரு பாட்டில்.